உலோகம் வளைகிறது, கணிப்புத் தவறுகிறது: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

“அக்கா, வலையமைப்புக்கு இன்னும் இரண்டு அடுக்குப் போட்டுப் பார்க்கட்டா?”

எங்கள் குழுவுக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர், இரவு 11 மணிக்கு வெள்ளவத்தை வீட்டுக்கு அழைத்துக் கேட்ட கேள்வி. உலோகத்தின் நடத்தையைக் கணிக்கும் அவருடைய நரம்பு வலையமைப்பு மாதிரியுரு இழுவைச் சோதனையோடு அச்சொட்டாகப் பொருந்தியது. முறுக்கினால் மட்டும் தகைப்பு (ஓரலகுப் பரப்பில் தாங்கும் விசை) இரண்டு மடங்காக வந்தது. சரியாக இரண்டு மடங்கு. “அடுக்கைத் தொடாதீங்கோ. ஷியர் விகாரத்தை எந்த வரைவிலக்கணத்தில் கொடுக்கிறீங்கள் என்று முதலில் பாருங்கோ” என்றேன். பத்து நிமிடத்தில் சரிவந்தது. (விகாரம் என்பது பொருள் தன் அளவோடு ஒப்பிட எவ்வளவு உருமாறியது என்ற விகிதம்; ஷியர் என்பது பக்கவாட்டாகச் சரியும் உருமாற்றம்.)

கலாநிதிப் பட்டத்துக்குப் பின் நான் செய்துவரும் ஆய்வு, உருக்கும் அலுமினியமும் நிரந்தரமாக உருமாறும் விதத்தை இயந்திரக் கற்றலால் கணிப்பது. இதுவரை நான் தேடிக் களைத்த வழுக்களில் பெரும்பாலானவை வலையமைப்புக்குள் இருக்கவில்லை. துண்டை வெட்டிய இடத்தில், நீட்சியை அளந்த இடத்தில், ஆறு எண்களை வரிசையாக அடுக்கிய இடத்தில் இருந்தன. அதனால்தான் கம்பி வாங்குவதில் தொடங்கி ஃபைனைட் எலிமென்ட் கணிப்பு (பொருளைச் சிறு எலிமென்ட்டுகளின் வலையாகப் பிரித்துக் கணிப்பது) வரை, வேலை நடக்கும் ஒழுங்கிலேயே அறிகுறிகளை எழுதுகிறேன். உங்கள் வரைபு எதைக் காட்டுகிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள்.

கணிப்பு எப்போதும் உண்மையான கம்பியைவிடக் குறைவாக வருகிறது

கொழும்பில் இந்த வேலையைத் தொடங்குபவர்கள் பலர் கட்டடக் கம்பியிலிருந்துதான் தொடங்குகிறார்கள். பழைய சோனகத் தெருவில் ஒரு ஹார்ட்வெயார் கடைக்குப் போனால் டிஎம்டி கம்பி வாங்கலாம். அதை லேத்தில் கடைந்து, நடு மெலிந்த உருளைத் துண்டாக்கி, இழுத்து, தரவு எடுத்து, வலையமைப்புக்குக் கொடுப்போம். பிறகு அந்த மாதிரியுருவால் முழுக் கம்பியைக் கணித்தால் வலிமை குறைவாக வரும்.

காரணம் லேத்தில் விழுந்த சீவலில் இருக்கிறது. டிஎம்டி கம்பி செஞ்சூடாக உருட்டப்பட்டு வெளியே வரும்போது தண்ணீர் பீய்ச்சி அதன் மேற்புறத்தைச் சடுதியாகக் குளிர்விக்கிறார்கள். வெளிவளையம் மார்ட்டென்சைட் என்ற கடினமான அமைப்பாகிறது. உள்ளே மிஞ்சிய சூடு வெளியே பரவி அந்த வளையத்தைப் பதப்படுத்துகிறது. நடுப்பகுதி மெதுவாக ஆறி ஃபெரைட்டும் பேர்லைட்டுமாக நிற்கிறது. ஒரே கம்பியில் இரண்டு உலோகம். கடையும்போது வலிமையான வெளிவளையத்தைச் சீவி எறிந்துவிட்டு, மென்மையான நடுவைத்தான் வலையமைப்புக்குக் கற்பித்திருக்கிறோம்.

உறுதிப்படுத்த, குறுக்கே வெட்டி மெருகேற்றி, நைட்டால் என்ற அமிலக் கரைசலைப் பூசுங்கள். வெளிவளையம் கருமையாகத் தெரியும். விக்கர்ஸ் கடினத்தன்மையை விட்டத்தின் வழியே அளந்தாலும் ஓரத்தில் எண் ஏறும். தீர்வு இரண்டு: கடையாமல் முழுக் கம்பியையே இழுப்பது, அல்லது நடுவையும் வளையத்தையும் இரண்டு பொருள்களாக வைத்துத் தனித்தனியே பயிற்றுவது. வரிகள் கொண்ட முழுக் கம்பிக்கு விட்டத்தை அளந்து பரப்பளவு எடுக்காதீர்கள், தராசில் நிறுத்து எடுங்கள். 10 மில்லிமீட்டர் கம்பி மீட்டருக்கு 0.617 கிலோகிராம். ஆகவே அரை மீட்டர்த் துண்டு 308 கிராம் இருக்க வேண்டும். தராசு 295 காட்டினால் உண்மையான பரப்பளவு 78.5 அல்ல, ஏறத்தாழ 75.2 சதுர மில்லிமீட்டர். இந்த ஒன்றிலேயே தகைப்பில் 4 சதவீத வழு வந்துவிடும்.

கடற்கரைப் பக்கம் யன்னல் உள்ள அறையில் துண்டுகளை வைத்திருந்தால், நிறுக்க முன் துருவை நீக்குங்கள். எங்கள் ஊர் உப்புக்காற்றுக்கு ஒரு மழைக்காலமே போதும்.

மீள்தன்மைக் கோட்டின் படித்திறன் 200 ஜிகாபாஸ்கலுக்குக் கிட்டவும் வரவில்லை

உருக்கின் யங்கின் மட்டு (மீள்தன்மைப் பகுதியில் தகைப்பை விகாரத்தால் வகுத்த எண்) ஏறத்தாழ 200 ஜிகாபாஸ்கல், அலுமினியத்தினது 70. உங்கள் தரவில் இதில் பாதிகூட வரவில்லையென்றால், நீட்சியைத் துண்டிலேயே பொருத்தும் எக்ஸ்டென்சோமீட்டரால் அளக்காமல், இயந்திரத்தின் நகரும் தலையான கிராஸ்ஹெட்டின் நகர்வாக எடுத்திருக்கிறீர்கள். 50 மில்லிமீட்டர் அளவை நீளத்தில் 250 மெகாபாஸ்கலுக்கு உருக்கு நீளுவது 0.0625 மில்லிமீட்டர்தான், ஒரு மயிரிழையின் தடிப்பு. பிடிகள் வழுக்குவதும் இயந்திரச் சட்டம் நெளிவதும் அதைவிட அதிகம். பழைய தரவு அப்படித்தான் கிடைக்கிறது என்றால் ஆரம்பக் கோட்டை வலையமைப்புக்குக் காட்டாதீர்கள். அந்தக் கோட்டை முழுவதுமாகக் கழித்து, எஞ்சும் பிளாஸ்டிக் விகாரத்தை, அதாவது விட்டாலும் மீளாத நிரந்தர விகாரத்தை, மட்டும் கொடுங்கள். மட்டுவை நீங்களே 200 என்று நிறுத்துங்கள். தெரிந்த மாறிலியை மறுபடி கற்கச் சொல்லித் தரவை வீணாக்க வேண்டாம்.

உச்சத்துக்குப் பிறகு பொருள் தானாகவே பலவீனமாகிறது

இழுவிசை உச்சத்தைத் தாண்டியதும் துண்டில் கழுத்து விழுகிறது. அதற்குப் பின் வரைபு இறங்குவது பொருள் பலவீனப்பட்டதால் அல்ல, குறுக்குப் பரப்பு ஓரிடத்தில் சுருங்கியதால். கொன்சிடேர் 1885இல் சொன்ன நிபந்தனை இதுதான்: உண்மைத் தகைப்பு விகாரத்தோடு ஏறும் வீதம், அந்தத் தகைப்பின் அளவுக்கு இறங்கும் கணத்தில் கழுத்து தொடங்குகிறது.

கழுத்துக்கு முன் உள்ள தரவை, தொடக்க அளவுகளால் வகுத்த பொறியியல் எண்களிலிருந்து அந்தந்தக் கணத்து அளவுகளால் வகுத்த உண்மை எண்களுக்கு மாற்றுங்கள். பொறியியல் தகைப்பு 500 மெகாபாஸ்கல், பொறியியல் விகாரம் 0.10 என்றால், உண்மைத் தகைப்பு 550, உண்மை விகாரம் 1.1இன் இயற்கை மடக்கை, அதாவது 0.0953. உச்சத்துக்குப் பிறகான பகுதியை வெட்டி எறியுங்கள். அதை விட்டுவைத்தால் ஃபைனைட் எலிமென்ட்டில் இன்னொரு வடிவில் திரும்பி வரும்: விகாரம் முழுவதும் ஒரே வரிசை எலிமென்ட்டுகளில் குவியும், எலிமென்ட் வலையை நுணுக்க நுணுக்க விடை மாறிக்கொண்டே போகும்.

அதற்கு அப்பால் பெரிய விகாரங்களுக்கு வலையமைப்பைத் தனியே நம்பி விடமாட்டேன். வோச் 1948இல் தந்த, மேலே போய்த் தட்டையாகும் சமன்பாட்டை அடித்தளமாக வைத்து, அதற்கு மேலான திருத்தத்தை மட்டும் வலையமைப்பிடம் கேட்பேன். தரவு தீர்ந்த இடத்தில் திருத்தம் பூச்சியமாகி, அடித்தளம் தாங்கிக்கொள்ளும்.

சோதனை வழு மிகச் சிறியது, புதுத் துண்டு வந்ததும் எல்லாம் பிழை

ஒரே வரைபின் புள்ளிகளைக் குலுக்கி, 80 சதவீதத்தைப் பயிற்சிக்கும் 20 சதவீதத்தைச் சோதனைக்கும் பிரித்திருப்பீர்கள். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றதைச் சொல்வது கணிப்பே அல்ல. புள்ளிகளை அல்ல, சோதனைத் துண்டுகளையே முழுதுமுழுதாகப் பிரியுங்கள். ஏழு துண்டு இருந்தால் ஒன்றை முழுதாக ஒதுக்கி வைத்து, ஏழு முறை மாற்றி மாற்றிப் பாருங்கள். வழு ஏறும். அந்த ஏறிய எண்தான் உண்மையானது, கட்டுரையிலும் அதைத்தான் எழுத வேண்டும். இதில் நான் ஒருவருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

யீல்ட் முனை உருண்டு போகிறது

500 மெகாபாஸ்கல் கம்பி 0.25 சதவீத விகாரத்திலேயே யீல்ட் ஆகிவிடுகிறது, அதாவது நிரந்தரமாக உருமாறத் தொடங்கிவிடுகிறது. 10 சதவீதம் வரை சம இடைவெளியில் 100 புள்ளி எடுத்தால், மீள்தன்மைப் பகுதிக்குக் கிடைப்பது இரண்டோ மூன்றோ புள்ளி. மீதி அனைத்தும் கடினமாதல் பகுதி. லாஸ் (பயிற்சி குறைக்க முயலும் மொத்த வழு) எந்தப் பக்கம் சாயும் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. ஆரம்பத்தில் புள்ளிகளை நெருக்கி எடுங்கள், அல்லது அந்தப் பகுதிக்கு நிறை கூட்டுங்கள்.

ஆனால் முதலில் உலோகத்தைப் பாருங்கள். பெரும்பாலான அலுமினியக் கலப்புலோகங்களில் கூர்மையான யீல்ட் முனை இயல்பாகவே கிடையாது. அங்கே 0.2 சதவீத ஓப்செட் வைத்துத்தான், அதாவது அவ்வளவு நிரந்தர விகாரம் மிஞ்சும் புள்ளியைத்தான், யீல்ட் என்று குறிக்கிறோம். மென்னுருக்கில் மேல் யீல்ட், கீழ் யீல்ட், பிறகு ஒரு சமதரை என்று மூன்றும் வரும். இல்லாத முனையைத் தேடி ஒரு கிழமையைச் செலவழிக்க வேண்டாம்.

பாரத்தை இறக்கினால் வந்த வழியே திரும்பிப் போகிறது

கட்டுக்கம்பியை ஒருமுறை வளைத்துப் பார்த்த எவருக்கும் தெரியும், விட்டால் அது முழுவதுமாக நிமிராது. உங்கள் மாதிரியுருவில் அது நிமிர்கிறதென்றால், விகாரத்தைக் கொடுத்துத் தகைப்பைப் பெறும் சாதாரணச் சார்பு ஒன்றைத்தான் பயிற்றியிருக்கிறீர்கள். அப்படி ஒரு சார்பு உலோகத்துக்கு இருக்கவே முடியாது. 1 சதவீத விகாரத்தில் நிற்கும் கம்பியின் தகைப்பு, அது அங்கே ஏறி வந்ததா, 2 சதவீதம் வரை போய் இறங்கி வந்ததா என்பதைப் பொறுத்தது. ஒரே உள்ளீட்டுக்கு இரண்டு விடை கேட்டால், எவ்வளவு பெரிய வலையமைப்பும் இரண்டுக்கும் சராசரியைத்தான் தரும். லாஸ் ஒரு மட்டத்துக்குக் கீழே இறங்க மறுப்பதும் இதே நோயின் அறிகுறி.

வரலாற்றைச் சுமக்கும் ஏற்பாடு வேண்டும். ஜிஆர்யு போன்ற மீள்வரு வலையமைப்பைப் பயன்படுத்தலாம். அல்லது பிளாஸ்டிக் விகாரம், திரண்ட சமான பிளாஸ்டிக் விகாரம் போன்ற உள்நிலை மாறிகளை நாமே கொடுக்கலாம். சோதனைகள் குறைவாக உள்ள எங்களைப் போன்றவர்களுக்கு இரண்டாவது வழிதான் நல்லது. ஜிஆர்யு ஆயிரக்கணக்கான பாதைகளைக் கேட்கும். அவற்றைக் கணினியில் உருவாக்கலாமே தவிர, இழுவை இயந்திரத்தில் எடுக்க முடியாது.

ஏற்பாட்டை மாற்றியும் குணமாகவில்லையென்றால் தரவைத் திறந்து பாருங்கள். ஏறும் பாதை மட்டுமே இருக்கிறதா? இறக்கமும் எதிர்த்திசையும் இல்லாத தரவிலிருந்து பௌஷிங்கர் விளைவை எந்த மாதிரியுருவும் ஊகிக்காது. இழுத்த உலோகத்தைத் திருப்பி அமுக்கினால் எதிர்பார்த்ததைவிட முன்னதாகவே யீல்ட் ஆகும் என்று பௌஷிங்கர் 1880களில் காட்டினார். இழுவை மட்டும் கற்ற வலையமைப்பு அந்த எதிர் யீல்ட்டை மிக உயர்த்திச் சொல்லும். தகடு வளைக்கும் கணிப்பில் விட்டபின் எவ்வளவு நிமிரும் என்பது அதனால் பிழைக்கும். மெல்லிய தகட்டை அமுக்கினால் அது நெளிந்துவிடும் என்பதால், குட்டையான உருளைத் துண்டையோ முறுக்குச் சோதனையையோ தெரிவுசெய்யுங்கள். அப்படிப்பட்ட இரண்டு மூன்று சோதனை, இன்னும் இருபது சாதாரண இழுவைச் சோதனையைவிடப் பெறுமதியானது.

படியைச் சிறிதாக்கினால் விடை மாறுகிறது

ஒரே பாதையை 50 படியிலும் 500 படியிலும் ஓட்டுங்கள். மீள்வரு வலையமைப்பு இரண்டு வெவ்வேறு தகைப்புத் தந்தால், அது கற்றது உலோகத்தை அல்ல, உங்கள் படி நீளத்தை. அறையில் வைத்த கம்பிக்கு நாம் எத்தனை படியில் கணக்கிடுகிறோம் என்பது தெரியாது. பயிற்சியில் படி நீளத்தைத் தாறுமாறாக மாற்றிக் கொடுங்கள். பூச்சிய நீளப் படிகளையும் சேருங்கள், அவற்றில் தகைப்பு அசையக் கூடாது. உள்நிலை மாறி ஒவ்வொன்றும் விகார அதிகரிப்புக்கு விகிதமாக மாறும்படி அமைப்பையே எழுதினால் இன்னும் உறுதி.

இழுவையில் சரி, ஷியரில் பிழை

தொடக்கத்தில் சொன்ன தம்பியின் வழு. எல்லாவற்றிலும் அதிகமாகத் திரும்பத் திரும்ப வருவதும் இதுதான். ஆறு கூறுகள் கொண்ட விகாரத்தை ஒரு நிரலாக எழுதும்போது ஷியர் கூறை மூன்று விதமாக எழுதலாம்: டென்சர்க் கூறாக, அதன் இரண்டு மடங்கான பொறியியல் ஷியராக, அல்லது இரண்டின் வர்க்கமூலத்தால் பெருக்கிய மண்டெல் வடிவில். மூன்றும் சரி, கலந்தால் பிழை.

நல்ல செய்தி என்னவென்றால், வழுவின் அளவே நோயைச் சொல்லிவிடும். ஒரேயொரு எலிமென்ட்டுக்கு மிகச் சிறிய தூய ஷியர் கொடுத்து, தகைப்பைப் பொறியியல் ஷியரால் வகுங்கள். உருக்குக்கு ஏறத்தாழ 77 ஜிகாபாஸ்கல் வர வேண்டும். 154 வந்தால் டென்சர்க் கூறில் கற்ற வலையமைப்புக்குப் பொறியியல் ஷியர் போகிறது. 38 வந்தால் மறுதலை. 1.41 மடங்கு கூடியோ குறைந்தோ வந்தால் மண்டெல் வடிவம் எங்கோ கலந்திருக்கிறது.

அபாகஸ் என்ற ஃபைனைட் எலிமென்ட் மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். பொருள் மாதிரியுருவை நாமே எழுதிச் சேர்க்கும் நிரலுக்கு அதன் ஸ்டாண்டர்ட் தீர்வியில் யூமேட் என்றும் எக்ஸ்பிளிசிட் தீர்வியில் வியூமேட் என்றும் பெயர். யூமேட்டுக்குள் வருவது பொறியியல் ஷியர், வியூமேட்டுக்குள் வருவது டென்சர்க் கூறு. வரிசையும் வேறு: ஸ்டாண்டர்டில் கடைசி மூன்று கூறுகள் 12, 13, 23 (இலக்கங்கள் அச்சுகளைக் குறிக்கும்). எக்ஸ்பிளிசிட்டில் 12, 23, 31. தளப் பிரச்சினைகளில் இந்த இடமாற்றம் தெரியவே தெரியாது. முப்பரிமாண முறுக்கல் வரும் நாளில்தான் வெளியே வரும். 23 ஷியரை மட்டும் கொடுத்து, தகைப்பு எந்த இடத்தில் தோன்றுகிறது என்று பாருங்கள்.

படித்திறன் சரியாக இருந்தும் யீல்ட் பிழையென்றால் அது வேறு கேள்வி. ஃபொன் மீசெஸ் 1913இல் தந்த நிபந்தனைப்படி ஷியர் யீல்ட், இழுவை யீல்ட்டின் 0.577 மடங்கு. ட்ரெஸ்காவின்படி சரி பாதி. 250 மெகாபாஸ்கல் உருக்குக்கு முறையே 144, 125. உங்கள் விடை இவ்விரண்டுக்கும் வெகு தூரத்தில் நின்றால், வலையமைப்பு ஷியரைப் பார்க்காமலே ஊகித்திருக்கிறது.

இன்னொன்று. துண்டை இழுத்துவிட்டு அப்படியே 90 பாகை சுழற்றினால் தகைப்பும் கூடவே சுழல வேண்டும், வேறொன்றும் மாறக் கூடாது. யூமேட்டில் தகைப்பை மென்பொருளே சுழற்றித் தருகிறது. நீங்கள் சேமித்த டென்சர் உள்நிலை மாறிகளை நீங்களே சுழற்ற வேண்டும். ஜிஆர்யுவின் மறைநிலை ஒரு டென்சரே அல்ல, அதைச் சுழற்றவே முடியாது. எனவே பொருளோடு சேர்ந்து சுழலும் உள்ளூர் அச்சுத் தொகுதி ஒன்றைப் பொருளுக்கு வரையறுத்து, எல்லாவற்றையும் அதற்குள் செய்யுங்கள்.

நியூட்டன் மீள்செய்கை ஒருங்கவில்லை

தகைப்பு சரி, ஆனால் கணிப்பு படியைப் பாதி பாதியாக வெட்டி வெட்டிக் கடைசியில் நின்றுவிடுகிறது. பிழை தொடலித் தாயத்தில், அதாவது விகாரம் சற்று மாறினால் தகைப்பு எவ்வளவு மாறும் என்று சொல்லும் எண் அட்டவணையில். மீதி வழு 0.01, 0.0001, 0.00000001 என்று ஒவ்வொரு சுற்றிலும் வர்க்கமாக இறங்கினால் தாயம் சரி. 0.01, 0.006, 0.004 என்று ஊர்ந்தால் பிழை.

முதலில் அளவீட்டு மாற்றத்தைப் பாருங்கள். விகாரத்தை 0.01ஆலும் தகைப்பை 500ஆலும் வகுத்துப் பயிற்றியிருந்தால், பயிற்சி மென்பொருளான பைடார்ச் தரும் வகையீட்டை, 500ஐ 0.01ஆல் வகுத்து வரும் 50,000ஆல் பெருக்க வேண்டும். இதை மறப்பது மிகச் சாதாரணம். அடுத்தது, அடுக்குகளில் வைக்கும் ரெலு என்ற தூண்டற் சார்பு. அதன் படித்திறன் துண்டு துண்டாகத் தாவும், தீர்வு இரண்டு துண்டுகளுக்கிடையே ஊசலாடும். சொஃப்ட்பிளஸுக்கோ டான்எச்சுக்கோ மாறுங்கள். யீல்ட் ஆகும் கணத்தில் தாயம் ஒருமுறை தாவுவது உலோகத்தின் இயல்பு, அதைத் திருத்தப் போகாதீர்கள். கடைசியாக, வகையீட்டை வித்தியாசம் எடுத்துச் சரிபார்க்கும்போது இரட்டைத் துல்லியத்தில் செய்யுங்கள். ஒற்றைத் துல்லியத்தில் கிடைப்பது ஏறத்தாழ ஏழு இலக்கம், சிறு வித்தியாசங்கள் அதில் கரைந்துவிடும்.

ஒரு சுற்று முடிந்ததும் சக்தி மிஞ்சுகிறது

விகாரத்தை ஒரு மூடிய சுற்றில் கொண்டுபோய் தொடங்கிய இடத்துக்கே கொண்டுவாருங்கள். தகைப்பு செய்த வேலையைக் கூட்டுங்கள். எதிர்க்கணியம் வந்தால் உங்கள் உலோகம் சும்மா இருந்து சக்தி தருகிறது. அந்த மாதிரியுருவை எந்தக் கட்டமைப்புக் கணிப்புக்கும் கொடுக்காதீர்கள். லாஸில் ஒரு தண்டம் சேர்ப்பது வழுவைக் குறைக்கும், ஒழிக்காது. யீல்ட் மேற்பரப்பு (தகைப்பு தொட்டதும் யீல்ட் ஆகும் எல்லை) குவிவாகவே இருக்கும்படி, நிறைகளை, அதாவது வலையமைப்பு கற்கும் எண்களை, எதிரல்லாமல் கட்டிய வலையமைப்பும், பிளாஸ்டிக் ஓட்டம் அந்த மேற்பரப்புக்குச் செங்குத்தாக நடக்கும் ஏற்பாடும் இருந்தால், தவறு செய்ய இடமே இராது.

வேகமான சோதனைகளில் மட்டும் தவறுகிறது

விகார வீதம் செக்கனுக்கு 0.001இலிருந்து 1000 வரை போகிறதா? மடக்கை எடுத்துக் கொடுங்கள், இல்லையென்றால் சிறியவை எல்லாம் ஒரே பூச்சியமாகத் தெரியும். வெப்பநிலையையும் சேருங்கள். பிளாஸ்டிக் வேலையின் பெரும்பகுதி, வழமையாக 0.9 என்று எடுக்கும் பங்கு, சூடாக மாறுகிறது. வேகமான சோதனையில் அது வெளியேற நேரமில்லை.

மின்வெட்டுக்குப் பிறகு லாஸ் மேலே தாவுகிறது

2022இல் ஒரு நாளில் 13 மணிநேரம் வரை மின்சாரம் இல்லாத காலத்தில் பயிற்சி ஓட்டியவர்களுக்கு இது தெரியும். நிறைகளைச் சேமித்திருப்பீர்கள். திரும்பத் தொடங்கியதும் லாஸ் ஏறி, இறங்கப் பல மணிநேரம் எடுக்கும். பயிற்சியில் நிறைகளைத் திருத்தும் அடம் முறை ஒவ்வொரு நிறைக்கும் இரண்டு ஓடும் சராசரிகளை வைத்திருக்கிறது. அவை போய்விட்டால் முதல் படிகள் கண்ணைக் கட்டிவிட்டு நடப்பவை. நிறைகளோடு அடத்தின் நிலை, கற்றல் வீத அட்டவணை, எழுமாற்று எண்ணின் நிலை, தரவை அளவிட்ட மாறிலிகள் ஆகியவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். கடைசியாகச் சொன்னதைத் தவறவிட்டவர்கள் அதிகம். புதுத் தரவு சேர்ந்தபின் அந்த மாறிலிகள் மறுபடி கணக்கிடப்பட்டால், வலையமைப்பு கற்ற 1 சதவீதம் இப்போது வேறொரு சதவீதம்.

முதலில் தற்காலிகப் பெயரில் எழுதி, எழுதி முடிந்ததும் பெயரை மாற்றுங்கள். எழுதும் நடுவிலேயே மின்சாரம் போனாலும் பழைய கோப்புத் தப்பும். சரிபார்க்க, 20 சுற்று இடைவிடாமல் ஓட்டி லாஸைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு 10ஆவது சுற்றில் நீங்களே நிறுத்தித் திரும்பத் தொடங்குங்கள். ஒரே கணினியில், சிபியுவில் ஓட்டினால், 20ஆவது சுற்றின் இரண்டு எண்களும் கடைசி இலக்கம் வரை ஒன்றாக இருக்க வேண்டும்.